உங்கள் காரியம், எங்கள் பொறுப்பு

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எனக்கு விடுதலை என்று ஆபீஸ் கடிதத்தில் எழுதியிருந்தது. சரியாகச் சொன்னால் 'விடுவிக்கும் நாள்' என்றுதான் இருந்தது. அதை விடுதலை என்று நானே மாற்றிக்கொண்டேன். பதினொரு வருடமாக ஊரார் சொல்வதை மாற்றி எழுதித்தான் பிழைக்கிறேன், எனக்காக ஒரு வார்த்தையை மாற்றிக்கொள்ளக் கூடாதா?

பெயர் மாசிலாமணி, ஊர் மன்னார்குடி. டெல்லி ஓக்லாவில் ஒரு விளம்பர ஏஜென்சியில் தமிழ்ப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இந்தியில் யோசித்த விளம்பரத்தை, தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தது போல ஆக்கித் தருவது என் வேலை. டிராக்டர், சிமென்ட், கொசுவத்தி, குழந்தைகள் நூடுல்ஸ் என்று நான் தமிழில் விற்காத பொருள் குறைவு.

நல்ல வேலைதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இந்த வருடம் டிராக்டரைப் பற்றித் தெரிந்துகொள்கிறவன் அடுத்த வருடம் மூட்டுவலியைப் பற்றித் தெரிந்துகொள்வான். நான் எழுதிய வரி மதுரையில் ஒரு பஸ்ஸின் முதுகில் போவதை என் மச்சான் போட்டோ எடுத்து அனுப்பினால், அன்று முழுக்க எனக்குச் சோறு வேண்டாம். ஆபீசில் பிறந்தநாள் என்றால் கேக், காய்ச்சல் என்றால் ஆளுக்கொரு மாத்திரை. இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவி வைஷ்ணவிக்கு ஆபரேஷன் நடந்தபோது, என் மேலதிகாரி ஹரிஷங்கர் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை இறக்காமலே என்னோடு நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த வேலையின் நல்லதையும் கெட்டதையும் ஒரே ஆளாகச் செய்து நிறுத்தினால் ஹரிஷங்கர் மாதிரிதான் இருக்கும்.

கெட்டது க்ளையன்ட். பணம் கொடுத்து விளம்பரம் செய்யச் சொல்லும் கம்பெனியை நாங்கள் பெயர் சொல்லி அழைக்கமாட்டோம், அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாத மாதிரி. க்ளையன்ட் சொன்னார், க்ளையன்டுக்குப் பிடிக்கவில்லை, க்ளையன்ட் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு யோசனை கண்டிருக்கிறார். தமிழ் ஓர் எழுத்து தெரியாத மனிதர் என் வரியைப் பார்த்து, 'இந்த வளைவு எழுத்துக்கள் கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறதே, குறைக்க முடியுமா?' என்று கேட்டிருக்கிறார். நானும் குறைத்திருக்கிறேன்.

க்ளையன்ட் முன்னால் முடியாது என்ற வார்த்தை கிடையாது. அதற்குப் பதிலாக எங்கள் ஆபீசில் 'நோட்டட்' என்று சொல்ல வேண்டும். க்ளையன்ட் காதுக்கு அது, குறித்துக்கொண்டேன் ஐயா, அப்படியே ஆகட்டும். எங்கள் ஆட்கள் காதுக்கு, இது நடக்காது, வெளியே போய்ப் பேசுவோம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஹரிஷங்கர் இதைச் சொல்லிக்கொடுத்தார். டெல்லி ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட ஐந்து வயது சின்னவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

எனக்கு மயூர் விஹாரில் வீடு. நடந்து போகிற தூரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி. தமிழ் ஆசிரியர் இடம் காலியென்று கேள்விப்பட்டு, பீரோவில் பதினாறு வருடம் தூங்கிய பி.எட். சான்றிதழை எழுப்பி எடுத்துக்கொண்டு போனேன். வேலை கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமை காலை, பழைய ஆபீசின் விடுவிப்புக் கடிதத்தோடு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயர்.

என் மகள் சுபிக்ஷா ஏழாவது படிக்கிறாள். இந்தி, இங்கிலீஷ் இரண்டிலும் வெளுத்து வாங்குவாள், தமிழில் தன் பெயரைக்கூட எழுதமாட்டாள். ஊருக்கெல்லாம் தமிழ் எழுதிக் கொடுக்கும் எனக்கு வீட்டில் கற்றுக்கொடுக்க நேரம் இருந்ததில்லை. நான் ராஜினாமா கொடுத்த அன்று அவள் ஒரு கால அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். 'நாலு மணி: அப்பா' என்று அதில் ஒரு வரி. அப்பா என்பதை இந்தி எழுத்தில் எழுதியிருந்தாள். நோட்டீஸ் காலமான அந்த இரண்டு மாதமும் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படித்தேன். தாகம் இல்லாமலும் போனேன்.

கடைசி வாரம் புதன்கிழமை ஒரு மீட்டிங். க்ளையன்ட் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, எங்கள் ஆபீசிலேயே பெரிய க்ளையன்ட், முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்குப் போகிறது. இந்தி வரி, 'காம் ஆப்கா, ஜிம்மா ஹமாரா'. உங்கள் வேலை, எங்கள் பொறுப்பு என்று அர்த்தம். சென்னையில் நாற்பது ஹோர்டிங், வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கும் வயதான தம்பதி. 'உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், கவலையை எங்களிடம் விடுங்கள்' என்று நான் எழுதியிருந்தேன்.

அந்தக் கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவர் மல்ஹோத்ரா திரையில் தோன்றி, வரி நீளம், அதோடு வேலை என்றால் நௌகரி, சம்பளத்துக்குப் போகிற வேலை மாதிரி சின்னதாக இருக்கிறது, கனமான வார்த்தை வேண்டும் என்றார்.

ஹரிஷங்கருக்குப் பொறி தட்டியது. "சார், காரியம்! கார்ய, கார்யாலய், அதே வேர்தான். 'உங்கள் காரியம், எங்கள் பொறுப்பு.' எப்படி?" என்று இந்தியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன மாசிஜி, டீக் ஹை, சரிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரியம் நல்ல வார்த்தைதான். போன காரியம் என்னாச்சு என்று தினமும் கேட்கிறோம். ஆனால் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, வயதான தம்பதி படத்துக்குக் கீழே 'உங்கள் காரியம்' என்று போட்டால், பார்க்கிற தமிழனுக்குப் பதினாறாம் நாள்தான் ஞாபகம் வரும். உங்கள் கருமாதிக்கு நாங்கள் பொறுப்பு என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

மல்ஹோத்ரா திரையில் இருந்தார். பதினொரு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"நோட்டட்," என்றேன்.

வெளியே வந்து ஹரியிடம் விளக்கிவிடலாம் என்றிருந்தேன். மீட்டிங் முடிந்ததும் அவர் வேறொரு க்ளையன்டைப் பார்க்க குருகிராம் ஓடினார். என்னை மனிதவளப் பிரிவில் கூப்பிட்டார்கள்: ஏன் போகிறீர்கள், என்ன குறை, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் மதிப்பெண் போட்டேன். நோட்டட் என்று சொல்லிவிட்டேனே, ஹரி கேட்காமல் அனுப்பமாட்டார் என்ற தைரியத்தில் வீட்டுக்குப் போய்விட்டேன். வியாழக்கிழமை அவர் வரவில்லை. நானும் விடுதலையின் ஆனந்தத்தில் அதை மறந்தேன். என் தப்புதான், பூசி மெழுகப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு எனக்கு வழியனுப்பு கேக் வெட்டினார்கள். மூன்று மணிக்கு ஸ்டூடியோவில் குணாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். விளம்பரங்களை வடிவமைக்கிறவன், இங்கே திரிலோக்புரியில் வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் எழுத்து அவனுக்குப் படம்தான், நான் கொடுத்ததை எண்ணிப் பார்த்து ஒட்டுவான். அவன் திரையில் அந்த வயதான தம்பதி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே விரற்கடை விரற்கடையாக, 'உங்கள் காரியம், எங்கள் பொறுப்பு.' அதற்கும் கீழே, 'இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம்.'

"குணா, இது எப்பப்பா போச்சு?"

"புதன்கிழமையே பிரிண்டுக்குப் போயிடுச்சு சார். நீங்க நோட்டட் சொல்லிட்டீங்கன்னு ஹரி சார் போன்ல சொன்னாரு. புள்ளி எல்லாம் டீக்கா இருக்கா?"

"புள்ளியெல்லாம் சரியா இருக்கு," என்றேன்.

டீ எடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். இங்கே நான் யோக்கியன் வேஷம் போடக் கூடாது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் இரண்டு மணி நேரம். கடிதம் மனிதவளப் பிரிவு மேஜையில் தயாராக இருக்கிறது. சனிக்கிழமை காலை சென்னை சிரித்தால் அது ஹரியின் வார்த்தை, ஹரியின் தலை. திங்கட்கிழமை நான் ஏழாம் வகுப்பில் எழுவாய் பயனிலை நடத்திக்கொண்டிருப்பேன். இப்படி இருபது நிமிடம் நினைத்தேன். அப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சும், ஹரி இறக்கிவிடாத சட்டைக் கையும் ஞாபகம் வந்து தொலைத்தன.

சென்னையில் ஹோர்டிங் மாட்டுகிற இஸ்மாயிலுக்குப் போன் போட்டேன்.

"பாய், நம்ம இன்ஷூரன்ஸ் போர்டு மாட்டிட்டீங்களா?"

"சாயந்திரம் ஏத்துறோம் சார். பிளெக்ஸ் எல்லாம் வந்திருச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. அதுல ஒண்ணு சுடுகாட்டு ரோட்டு முனையில வேற வருது. இடமெல்லாம் பொருத்தமாத்தான் புடிச்சிருக்கீங்க."

"ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா யாரு சார் கேப்பா? இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஆர்டர்ல இருக்கிறத மாட்டுறதுதான் நம்ம வேலை."

அவரும் எங்கள் ஜாதிதான், கயிற்றின் கடைசி முனையில் இருக்கிறவர். ஒன்றையும் ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஹரியின் அறைக்குப் போனேன்.

ஹரி முதலில் சிரித்தார். "அரே மாசிஜி, போற நாள்லயும் டென்ஷனா? காரியம்னா, மத்லப், வேலைதான். எங்க வீட்லயும் சொல்லுவாளே."

"உங்க வீட்ல சொல்வாங்க. போன வருஷம் உங்க அப்பா தவறினாரே, பதிமூணாம் நாள் அன்னைக்கு ஜனக்புரிக்கு நானும் வந்திருந்தேன். சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணி என்னன்னு சொன்னீங்க?"

அவர் வாய் திறந்தபடி நின்றது. "அப்பா காரியம்னு," என்றார் மெதுவாக. தன் கம்ப்யூட்டர் திரையில் இருந்த விளம்பரத்தில் அந்தக் கிழவரைப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் முதல்முறையாகப் படித்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும் சங்கடமாக இருந்தது, அதை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம்.

"நீங்க நோட்டட்னு சொன்னேளே," என்றார்.

"நீங்கதானே ஹரி அதுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தீங்க?"

"நான் நிஜமாவே நோட்டட்னு நினைச்சுண்டேன்."

அதற்குமேல் பேச நேரம் இல்லை. புது வரி வேண்டும், ஐந்துக்குள் அச்சுக்குப் போனால்தான் காலையில் ஏறும். ஹரி மல்ஹோத்ராவைப் பிடிக்கப் போக, நான் குணா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். பத்தே நிமிடம். 'நூறு வயது நீங்கள் இருங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' எழுதிவிட்டுப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இந்த ஆபீசில் நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான். கடைசி நாள் பார்த்தா வர வேண்டும்?

நாலே முக்காலுக்கு மல்ஹோத்ரா போனில் வந்தார். ஹரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மனிதவளப் பிரிவுப் பெண் எட்டிப் பார்த்து, என் விடுவிப்புக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். கீழே ஹரியின் கையெழுத்து காலையிலேயே போட்டிருந்தது.

ஹரி உண்மையைத்தான் சொன்னார், ஏஜென்சிக்காரன் உண்மையைச் சொல்கிற விதத்தில். எங்கள் தமிழ்ப் பிரிவுத் தலைவர் கடைசி நிமிடத்தில் ஒரு கலாசாரச் சோதனை செய்தார், ஒரு வார்த்தைக்கு வேறொரு சாயல் இருப்பதைக் கண்டுபிடித்தார், நாற்பது ஹோர்டிங்கையும் நிறுத்திவிட்டார். என்ன சாயல் என்று மல்ஹோத்ரா கேட்டார். ஹரி சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"மாசிலாமணிஜி, நீங்கள் எங்கள் மானத்தைக் காப்பாற்றினீர்கள்," என்றார் இந்தியில். புது வரியின் அர்த்தத்தைக் கேட்டார். சொன்னேன். வாஹ் என்றார், இரண்டு தடவை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அதுதான் கேவலம். அந்த இரண்டு வாஹுக்கு என் நெஞ்சு விரிந்த விரிவில், நான் எங்கே கிளம்பிக்கொண்டிருந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

மல்ஹோத்ரா நிறுத்தவில்லை. இனி எனக்கு மற்ற எதிலும் நம்பிக்கை இல்லை என்றார். ரேடியோ, டிவி படம், பாலிசிப் படிவம், ஏஜென்டுகளுக்கான புத்தகம், எல்லாவற்றையும் மாசிலாமணிஜி மறுபடி பார்க்க வேண்டும், ஆறு மாதம் ஆகட்டும். அவர் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், அவர் இருந்தால் நாங்கள் இருக்கிறோம். "இருக்கிறார் அல்லவா?"

ஹரி மேஜையில் இருந்த கடிதத்தை விரலால் என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் 'இருப்பார்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கோபத்தில் எழுந்து போயிருப்பேன். கடிதத்தை நிறுத்திவைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கதவைத் திறந்துவைத்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு ஜன்னலைப் பார்க்கிற மனிதரை என்ன செய்ய? இந்த க்ளையன்ட் போனால் ஹரியின் வேலை போகும். அவருக்கு முன்னால் குணாவின் வேலை போகும். கடிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஐந்தடி நடந்தால் கதவு.

"ஹலோ?" என்றார் மல்ஹோத்ரா. "மாசிலாமணிஜி, ஆறு மாதம். சரியா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. திங்கட்கிழமை எனக்குப் பள்ளி என்று சொல்ல எத்தனை வார்த்தை ஆகிவிடும்? பதினொரு வருடத்தில் அந்த வார்த்தைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதே தெரியாமல் போய்விட்டது. முடியாது என்பதற்கு என்னிடம் மிச்சமிருந்தது ஒரே வார்த்தை.

"நோட்டட்," என்றேன்.

மல்ஹோத்ரா மகிழ்ச்சியோடு போனை வைத்தார்.

ஹரி ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். புதன்கிழமை அவருக்கு அது புரியவில்லை. இப்போது புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. வெளியே போய்ப் பேசுவோமா மாசிஜி என்று அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். ஃபிரிட்ஜ் கதவு வரைக்கும் சொல்லியிருப்பேன்.

"தேங்க்யூ மாசிஜி," என்றார். "ஆறே மாசம்தான். ஸ்கூல்ல வேணும்னா நான் பேசறேன்."

"திங்கட்கிழமை சேரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க ஹரி."

"அச்சா," என்றார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தேதி மட்டும் மாத்தித் தரேன். லெட்டர் உங்களோடதுதான், எங்கயும் போகாது."

குணா எட்டிப் பார்த்து, புது வரி அச்சுக்குப் போய்விட்டது என்று சொன்னான். மீதியிருந்த கேக்கைத் தட்டில் போட்டு என் மேஜையில் வைத்திருந்தார்கள். காலையில் நான் துடைத்துக் கொடுத்த லேப்டாப்பை அதன் பக்கத்தில் மறுபடி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதற்கான பாஸ்வேர்ட் ஒரு மஞ்சள் காகிதத்தில் ஒட்டியிருந்தது, அதே பழைய பாஸ்வேர்ட்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வைஷ்ணவி கூப்பிட்டாள். பின்னால் சுபிக்ஷா எதையோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கெளம்பிட்டீங்களா? போன காரியம் என்னாச்சு?"

"நல்லபடியா நடந்து முடிஞ்சுது," என்றேன்.

அவளும் மன்னார்குடிக்காரிதான். அந்தப் பதிலை எந்த வீட்டுக்குப் போய்வந்தவர்கள் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். சுபிக்ஷாவின் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டு வைஷ்ணவி கேட்டாள்.

"ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற பேப்பரை நான் எடுத்துறவா, இல்ல நீங்களே வந்து எடுக்கிறீங்களா?"